இரண்டு தடத்து மாப்பிள்ளை

நாடு சுதந்திரம் வாங்கிய சூட்டில் கப்பலேறிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ஒலிப்பதிவு இயந்திரம், எங்கள் ஊரான காஜா பெராங்கில் அப்பாவின் ரேடியோக் கடைக்கு வந்து சேர்ந்தது. கனத்தது, கர்வம் பிடித்தது. அப்பா விற்பார், பழுது பார்ப்பது நான்.

அதில்தான் என் மாப்பிள்ளை முதன்முதலில் பேசினார். சிங்கப்பூர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண் பார்க்க வருமுன் தன் குரலை நாடாவில் சுற்றி அனுப்பியிருந்தார்.

"வணக்கம்" என்றது குரல். அதன் முதுகில் தொற்றிக்கொண்டு இன்னொன்று, உலகத்தில் இல்லாத பாஷையில் முனகியது.

"அலாமாக்! பேய் புடிச்ச ஆளுங்க. வேணாம்" என்றாள் அம்மா.

"சாப்பிட்டு வந்ததும் தபால்ல திருப்பிடுறேன்" என்று அப்பா இலைக்குப் போனார்.

எனக்கோ அந்த முனகலுக்குள் புரண்ட ஒரு சிரிப்பு பிடித்துப் போயிருந்தது. அப்பா சாம்பாரை முடித்து ரசத்துக்கு வருவதற்குள் பேயை ஓட்டியாக வேண்டும்.

நாடாவின் பெட்டிமேல் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். புது மாதிரி: ஒரே நாடாவில் இரண்டு தடம். மேல்தடம் போகிற திசைக்கு எதிராகக் கீழ்த்தடம் வரும். எங்கள் கிழட்டு இயந்திரத்தில் ஒலியைப் படிக்கும் காந்தத் தலையோ நாடாவின் முழு அகலத்தையும் ஒரே வாயில் விழுங்கியது. ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. பேய் அவ்வளவுதான்.

இரண்டு திருகாணியைக் கழற்றி, பிஸ்கட் டப்பா அட்டையை நறுக்கித் தலைக்கடியில் செருகினேன். தலை நிமிர்ந்தது, மேல்தடத்தை மட்டும் தொட்டது. தெளிவான, மரியாதையான, கொஞ்சம் அலுப்பூட்டும் குரல்.

நாடாவைத் திருப்பிப் போட்டேன். அவர் அழிக்க மறந்த ஒத்திகை! ஏழு தடவை "வணக்கம்". நடுவில் ஒரு பெண்குரல்: "அண்ணே, மூக்கால பேசாத லா!" பிறகு அந்தச் சிரிப்பு.

அப்பாவுக்கு முதல் பக்கத்தை மட்டும் போட்டேன்.

"பேய் எங்கம்மா?"

"தலையைத் தூக்குனேன், ஓடிடுச்சுப்பா."

பெண் பார்க்க வந்த அன்று அம்மா காதைக் கடித்தாள்: "தலையைக் குனிடி."

குனிந்துதான் கோப்பி கொடுத்தேன். "வணக்கம்" என்றார், மூக்கால்.

நிமிர்ந்தேன். "எட்டாவது தடவையும் மூக்காலதானா?"

பாதிக் கோப்பி சாசரில் கொட்டியது. அம்மா என் இடுப்பைத் தேடிக் கிள்ளினாள். அப்போது வந்தது அந்தச் சிரிப்பு, நாடா இல்லாமல்.