டிஷ் திருப்ப இரண்டு பேர்

மாதா மாதம் பணம் கட்டத் தேவையில்லாத டிஷ் என்று ரேணிகுண்டா கடைத்தெருவில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் அதை வாங்கியது காசு மிச்சம் பிடிக்க இல்லை. எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தமிழ் சேனல்களைக் கேபிள்காரர் எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "இக்கட தமிழ் எவரு சூஸ்தாரம்மா?" என்றார். இங்கே தமிழ் யார் பார்க்கிறார்களாம். நான் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த கேபிளையே வெட்டச் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, காரியம்தான் வரும்.

கணவர் குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்தாயிற்று. குவைத் பணத்தில் கட்டிய வீட்டில் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை அவர் போன் செய்வார். சாப்பிட்டாயா, மோட்டார் ஓடுகிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மற்றபடி வீட்டுக்குள் தமிழ்க் குரலே கிடையாது. எனக்கு வேண்டியது நாடகமும் இல்லை, செய்தியும் இல்லை. நான் சமைக்கும்போது பக்கத்து அறையில் யாராவது தமிழில் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

டிஷ் மாட்ட வந்தவர் மொட்டை மாடியில் அதைச் சென்னைப் பக்கமாகத் திருப்பி முடுக்கினார். மகள் இருக்கும் திசை என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். பெட்டியில் வரிசையாக இந்தி, கொஞ்சம் தெலுங்கு, தமிழுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் போட்டுவிட்டு அரிசி களைவேன்.

ஐப்பசி மழையில் அடித்த காற்று டிஷ்ஷைத் திருப்பிவிட்டது. திரையில் சிக்னல் இல்லை என்று வந்து நின்றது. மாட்டியவரைக் கூப்பிட்டால், "ரேப்பு ஒஸ்தானம்மா" என்றார். அவருடைய நாளைக்கு விடியவே இல்லை. ஒரு நாள் காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.

ஏறிய பிறகுதான் உறைத்தது, இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆன்டெனா காலத்தில் கணவர் மேலே நிற்பார், நான் டிவி முன்னால் நிற்பேன். "வந்துச்சா?" என்பார். "வர்ல" என்பேன். "இப்போ?" "வந்துச்சி... ஐயோ, போச்சி." எங்கள் சண்டைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். இப்போது மேலே நான் நிற்கிறேன், கீழே யாரும் இல்லை. படம் வந்தால் சத்தமாவது கேட்கட்டும் என்று வால்யூமை முழுக்க வைத்துவிட்டுப் போனேன். கொஞ்சம் திருப்புவேன், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன், ஒன்றும் இராது. இறங்குவேன், பார்ப்பேன், மறுபடி ஏறுவேன். முட்டி கழன்றதுதான் மிச்சம்.

எதிர்வீட்டு அக்கா கேட்டருகே வந்து, "ஏமய்யிந்தி?" என்று கேட்டார், என்ன ஆயிற்றாம். என்னைவிட மூத்தவர், கணவர் இல்லை, பையன் பெங்களூரில். குடி வந்த நாளிலிருந்து நாங்கள் தெருவில் பார்த்தால் "தின்னாவா?" "தின்னானக்கா" என்று சாப்பிட்டதைத் தெலுங்கில் கேட்டுக்கொள்வோம். அதற்கு மேல் போனதில்லை. விஷயத்தைத் தெலுங்கிலேயே சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு டிவி முன்னால் போய் நின்றார்.

நான் டிஷ்ஷை அசைத்தேன். பழக்க தோஷம், "வந்துச்சா?" என்று தமிழில் கத்திவிட்டேன்.

"வர்ல. இன்னும் கொஞ்சம் திருப்பு."

திருப்பினேன்.

"ஆங், வந்துகினு கீது. ஆட்டாத. அப்டியே வையி."

அது டிவியின் குரல் இல்லை. அந்த அக்காவின் குரல்.

நட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டு இறங்கி ஓடினேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தமிழா?"

"ஏர்பேடு பக்கம் எங்க ஊரு. ஊட்ல எல்லாம் தமிழ்தான். உன் வாசல்ல தெலுங்குல பேரு எழுதிக்கீது, நீ தெலுங்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நானும் அவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வாசல் தாண்டினால் தெலுங்கு, உள்ளே வந்தால் தமிழ். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது செருப்பு மாட்டிக் கழற்றுவது போல. இரண்டு பேரும் மரியாதைக்கு மாட்டிய செருப்பை இது வரை கழற்றவில்லை. எத்தனை வருஷப் பேச்சு வீணாய்ப் போயிற்று. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"மின்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் அவர். "பையன் பெங்களூருக்கு வந்துடு வந்துடுன்றான். ஊட்ட வாடகைக்கு உட்டுட்டு தை மாசம் கெளம்பறேன்."

தை வரைக்கும் தினமும் மத்தியானம் வந்தார். கீரை ஆய்ந்தபடி பேசுவோம். மருமகளைத் திட்டுவார், நான் குவைத்தைத் திட்டுவேன். அவர் வந்ததும் முதல் வேலையாக டிவியை அணைத்துவிடுவேன். ஆசை ஆசையாய் வாங்கிய டிஷ் மாடியில் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சித்திரையில் ஒரு புழுதிக் காற்று அடித்தது. அரைகுறையாக முடுக்கிய நட்டுதானே, டிஷ் மறுபடி திரும்பிக்கொண்டது. நான் மாடிக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்தார்.

"இன்னாமே, டிவி வருதா?"

"வர்ல. காத்துல டிஷ் திரும்பிக்கிச்சி."

"மேல போயி லேசா திருப்பேன். அதுல இன்னா கீது?"

"திருப்பலாம். கீழ யாரு நிக்கறது?"