முன்னால் மூன்று, பின்னால் ஏழு

சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம்தான். ஓட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வற்றப் பேசிவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டவர் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

நான் படித்தது அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், பிளஸ் டூ வரை. கியரைப் படித்தது என் சொந்த வண்டியில், யு.கே.ஜி. போகிற மகளைப் பின்னால் உட்கார வைத்து மேம்பாலம் ஏறி ஏறி. வேலை திருப்பூரில் ஒரு கியர் சைக்கிள் கடையில். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் என்பதால் எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம். நானும் அவளும் சேர்ந்து வீட்டில் இருக்கிற முழுப் பகல் என்று ஒன்று கிடையாது. இப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "கியர் செக்‌ஷனுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போறேன் அம்மிணி, உன்னத்தான் நெனச்சிருக்கறேன். இன்சார்ஜ்னா லீவு நாளை நீயே போட்டுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து கடையில் என் சத்தம்தான்.

அண்ணன் யாராச்சும்

எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிற ஒருவர் வந்தார். வாரம் பூராவும் ஆபீஸ் போகணும், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு செம்மண் தடத்தில் ஓட்டணும், ஒரே வண்டி போதும் என்றார். "முன்னால ஒரே பல்சக்கரம், பின்னால ஒம்பது போதுங்க. பின்னால கடைசிச் சக்கரம் பெருசா இருக்கறதைப் பாத்து எடுங்க, கல்லும் மண்ணுமா இருக்கற ஏத்தத்துல அதுதான் காப்பாத்தும்" என்று ஓட்டியும் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், "ஏனுங்க, அண்ணன் யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த முருகேசனிடம் போய் அதையே கேட்டார். முருகேசன் டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா சொன்னதுதானுங்க" என்றான். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாத்தீங்களா, ஆம்பளையக் கேட்டா ரெண்டே வார்த்தைல முடிஞ்சுபோச்சு."

ஊசிக் கணக்கு

நிட்டிங் மில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். அவர் தொழிலில் மெஷினில் ஊசி கூடக் கூடத் துணி நைஸாக வரும். அந்தக் கணக்கைச் சைக்கிளுக்கும் போட்டார். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, மூவேழு இருபத்தொன்று, அதுதான் வேணும். "பாதி கியர் ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்குமுங்க, மாத்தறதுலயும் குழப்பம்" என்றேன். "இருக்கட்டும் கண்ணு, இருக்குங்கறதே ஒரு தைரியம்" என்று எடுத்துப் போனார்.

திங்கட்கிழமை காரில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். முந்தைய நாள் கரடு என்கிற சின்னக் குன்று ஒன்றில் ஏறியிருக்கிறார், ஏற்றத்தில் காலைப் பிழிந்தெடுக்கிற முன்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்திலேயே, எந்தக் கியர் லீவரையும் தொடாமல். எதற்குத் தொடவில்லை என்று கேட்டேன். "புது வண்டி கண்ணு, அதுக்குள்ள எதுக்குத் தேய்க்கறதுன்னு விட்டுட்டேன்."

வெள்ளைத் துணி

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, வேலைக்கு வரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்க முடிவு செய்தது. "இது முடிஞ்சா இன்சார்ஜ் நீதான்" என்று முதலாளி என்னையே பேசச் சொன்னார். நான் மேனேஜரிடம் சொன்னேன்: "புள்ளைங்க துப்பட்டா போட்டு வருவாங்க. தைக்கறது வெள்ளை பனியன். முன்னால மூணு சக்கரம் வெச்ச வண்டிக்குச் செயினை முழுசா மூடற கவர் போட முடியாது. பின் சக்கரத்து நடுவுலயே மூணு கியர் அடங்கின வண்டி இருக்குதுங்க, செயின் கவரோட. அது போதும்." மேனேஜர் கேட்லாக் போட்டோவில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்தார். இருபத்தொன்றுதான் நன்றாக இருந்தது. போகும்போது முதலாளியிடம், உங்க ஆளே உங்க சரக்கைக் குறை சொல்றாங்க என்றும் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் செயின் கழன்றது. கையால் மாட்டிவிட்டு ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்தால் வெள்ளைத் துணியில் கறுப்பு விரல். செக்கிங்கில் பீஸ் பீஸாகத் திரும்பி வர, சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கே வந்தாள். "வண்டிய உள்ள வெச்சுக்கங்கக்கா, நான் பழையபடி நடந்தே போய்க்கறேன். திட்டாவது மிச்சம்" என்றாள். பின்னாலேயே மேனேஜரும் வந்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்லுவானேன். அவர் நேராக என்னிடம்தான் வந்தார்: "ஏம்மா, தெரிஞ்சவங்க நீங்க, அப்பவே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?"

ஆயுத பூஜை

பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது முதலாளி புது இன்சார்ஜை அறிமுகம் செய்தார். அவருடைய மச்சினர் மகன். நல்ல பையன், மரியாதையான பையன், மறுநாளே, "அக்கா, இந்த மூணு சக்கரத்துக்கும் ஒரு சக்கரத்துக்கும் என்ன வித்தியாசம், யாராச்சும் கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று என்னிடமே கேட்டுக்கொண்டான். அவனுக்கு ஞாயிறு லீவு.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவருக்கே புரிந்து, பூஜையில் மிச்சமான பொரித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "கைக்கொழந்தை மாதிரி ஒண்ண வெச்சுக்கிட்டு உனக்கெதுக்கு அம்மிணி பொறுப்பும் பாரமும்? நீ பாட்டுக்கு ஞாயித்துக்கெழம வந்தமா, வித்தமான்னு நிம்மதியா இரு."

ஞாயிற்றுக்கிழமை செம்மண் தடத்தில் சைக்கிள் விடுகிற இந்த ஊர்க்காரர்களில் எத்தனையோ பேருக்குக் கியர் பார்த்துக் கொடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடம் எப்படி இருக்கும் என்று என் மகள் கேட்டால் மட்டும், வந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடிகிறது.