ராஜா போகாத தெரு

என் மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவருடைய தங்கையும் இப்போது என்னோடு பாதிதான் பேசுகிறாள். சாப்பிட வாங்க, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க... அவ்வளவுதான். மீதிப் பாதி அண்ணன் பக்கம் போய்விட்டது.

அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒரு சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன். அந்தச் சப்பரம் வழக்கமாகப் போகாத ஒரு தெருவுக்குள் போனது. குற்றம் அதுதான்.

என் மாமியார் வீடு ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம் — நான் இன்னும் அங்கே விருந்துக்குப் போக வேண்டியவன். சுற்றிலும் முந்திரிக்காடு, நடுவில் ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு நாட்டாண்மை. அந்த நாட்டாண்மைதான் மச்சான். ஐப்பசியில் வருகிற கிறிஸ்து ராஜா திருநாளுக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு அங்கே போவோம். அரியலூரிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற அந்தக் கரி பஸ்ஸில் போகிற அவஸ்தையைப் பற்றி இந்தப் பத்தியில் போதுமான அளவு புலம்பியாயிற்று. இந்த வாரம் உங்களை விட்டுவிடுகிறேன்.

"இந்த வருஷம் கூடவா ராஜாவுக்குத் திருநாள்?" என்று கிளம்பும்போது என் ஆபீஸ் நண்பர் கேலி செய்தார். கேலியில் நியாயம் இருந்தது. தேசம் முழுக்க ராஜாக்கள் ராஜ்யத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு அரண்மனைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜமீன்களும் போகப் போகின்றன என்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு ராஜாவைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவதா?

நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே போனேன்.

ஊருக்குப் புதுப் பங்குச் சாமியார் வந்திருந்தார். ஒல்லி ஆள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் பிடித்ததை விடமாட்டார். கிறிஸ்துநாதருக்கு மூன்று பட்டங்கள் — தீர்க்கதரிசி, குரு, ராஜா. ஒரு சாயங்காலத்துக்கு ஒன்றாகப் பிரசங்கம் செய்வேன் என்று அறிவித்திருந்தார். மூன்றாம் நாள் பிரசங்கம் முடிந்ததும் சப்பரம்.

அந்தக் கோயிலுக்குள் உட்காருகிற விதத்தைச் சொல்ல வேண்டும். நடு இடம், நிலம் வைத்திருக்கிற பெரிய தெருக்காரர்களுக்கு. இடது பக்கத்துத் தாழ்வாரம் கீழத்தெருக்காரர்களுக்கு. கீழத்தெரு என்றால் தலைமுறை தலைமுறையாகப் பெரிய தெருவின் வயல்களில் வேலை பார்க்கிற குடும்பங்கள். நடுவே சுவர் கிடையாது, கயிறு கிடையாது. ஆனாலும் யாரும் இடம் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்துக் கோயில்களைச் சட்டம் போட்டுத் திறந்த செய்தி வந்தபோது, எங்கள் கோயில் எப்போதும் திறந்துதான் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். வாசல் திறந்துதான் இருந்தது, வாஸ்தவம்.

முதல் சாயங்காலம் தீர்க்கதரிசி.

"தீர்க்கதரிசின்னா நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்றவர்னு நெனைக்கிறோம். அது ஜோசியம்" என்று ஆரம்பித்தார் சாமியார். "சர்வேசுரன் சொல்றதை மனுஷன் முகத்துக்கு நேரா சொல்றவர்தான் தீர்க்கதரிசி. கிறிஸ்துநாதர் அதைச் சொந்த ஊர்க் கோயில்லயே எழுந்திரிச்சுச் சொன்னார். ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க? மலை விளிம்புக்கு இழுத்துக்கிட்டுப் போயித் தள்ளப் பார்த்தாங்க."

முடிக்கும்போது, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். எல்லாப் பிரசங்கியார்களும் சொல்வதுதான். யாரும் கேட்பதில்லை என்ற தைரியத்தில் சொல்வது.

தாழ்வாரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சவரியம்மா. மச்சானுடைய முந்திரிக் களத்தில் கொட்டை உடைக்கிறவள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். அந்தக் கைகளைக் குவித்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி, ராசா சப்பரம் எங்க தெருவுக்கு வருமா, வராதா? அது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க."

சாமியார் அவளைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் பீடத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மச்சான்தான் பேசினார். கோபம் இல்லாமல்தான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மனுஷர்.

"வரக் கூடாதுன்னு யாரு சொன்னா? தெரு கொள்ளாது சாமி. ரெண்டு பக்கமும் கூரை தாழ்ந்து கெடக்குது. சப்பரத்தோட வளைவு மாட்டிக்கும். எங்கப்பா காலத்துலேருந்து அதான் போறதில்ல."

நியாயமான காரணம். சந்து குறுகல், சப்பரம் அகலம். இதில் யார் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டுக் காலாற நடந்தபோது பார்த்தேன். கீழத்தெருவில் பெண்கள் அரிவாளும் கையுமாக நின்று தங்கள் குடிசைகளின் கூரை விளிம்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும். வெட்டிய கீற்று தெரு முழுக்கக் கிடந்தது. சுவருக்கு வெளியே நீண்டிருந்த கூரை இப்போது எந்த வீட்டுக்கும் இல்லை. மண்சுவர்கள் மொட்டையாக நின்றன.

ஐப்பசி மாதம் சார் இது. கூரைக்குப் புதுக் கீற்று வைக்கிற மாதம். இவர்கள் இருப்பதை வெட்டுகிறார்கள்.

"மழை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று சவரியம்மாவிடம் கேட்டேன்.

"வந்தா நனையும். அப்புறம் காயும்ங்க" என்றாள், அரிவாளை நிறுத்தாமல்.

மச்சானிடம் வந்து சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்திருந்தார். "கிறுக்குப் புடிச்சிருக்கு இவளுவொளுக்கு" என்றார். அதற்குப் பிறகு இலையில் இருந்ததை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மாப்பிள்ளை விருந்தில் கோபத்தைக் காட்டுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

அந்த விருந்தின் விளைவாக இரண்டாம் நாள் பிரசங்கத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். கடைசிப் பகுதிதான் கிடைத்தது. குரு என்பவர் ஜனங்களுக்காகச் சர்வேசுரன் முன்னால் நிற்கிறவர், பலி கொடுக்கிறவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார் சாமியார். "பழைய குருக்கள் ஆட்டைக் கொடுத்தாங்க, மாட்டைக் கொடுத்தாங்க. இந்தக் குரு தன்னையே கொடுத்தார். அடுத்தவன் வீட்டு ஆட்டைக் கொடுக்கறது சுலபம்."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. இடது தாழ்வாரத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் சுவர் கரைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கூட எழுந்து ஓடவில்லை. எனக்கோ, ஓடுங்களேன், போய்ச் சாக்கையாவது தொங்கவிடுங்களேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

மழை விட்டதும் இரண்டாவது காரணம் வந்தது. சேறு.

"அந்தச் சேத்துல தூக்கறவன் காலு சறுக்கிச் சுரூபம் ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் மச்சான். இதுவும் நியாயம்தான். அந்த ராஜா சிலை தூரத்திலிருந்து ரயிலில் வந்தது. சிவப்பு அங்கி, தலையில் கிரீடம், கையில் உலக உருண்டை. சேற்றில் விழுந்தால் ஒட்டவைக்க முடியாது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அநியாயம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. எப்போதும் இரண்டு நியாயமான காரணங்களுக்கு நடுவில், நல்ல பிள்ளை மாதிரி நடந்து வருகிறது. கேட்கிறவன் காரணத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போகவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

கீழத்தெருக்காரர்கள் களைக்கவில்லை. திருநாள் அன்று விடிந்ததிலிருந்து ஓடைக்கரையில் கிடக்கிற சுண்ணாம்புக் கல் சில்லுகளைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து தெருவில் கொட்டினார்கள். பண்ணை வேலைக்கு யாரும் போகவில்லை. ஆண்கள் கொட்ட, பெண்கள் மிதித்து இறுக்கினார்கள். பெரிய தெருவைவிட அந்தத் தெரு அன்றைக்கு நன்றாக இருந்தது. இதை எழுதுவதற்கும் மச்சான் கோபித்துக்கொள்வார். இருக்கட்டும்.

மூன்றாம் சாயங்காலம் ராஜா. மிகச் சிறிய பிரசங்கம்.

"இந்த ராஜாவுக்கு முடி எது? முள்ளு. சிங்காசனம் எது? சிலுவை. சுத்தி நின்னு சிரிச்சாங்க. அவர் எறங்கி வரல. மூணு பட்டமும் அவர் ஒருத்தருக்குத்தான், பிரிச்சு எடுக்க முடியாது. தன்னைக் கொடுக்காத தீர்க்கதரிசி வெறும் வாயாடி. தன்னைக் கொடுக்காத ராஜா வரி வாங்குற ஆளு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு ராஜாவுக்குத் தன் ராஜ்யத்துலயே போகக் கூடாத தெருன்னு ஒண்ணு இருந்தா, அவரை நாம ராஜான்னு கூப்பிடறதுல என்ன அர்த்தம்?"

அவ்வளவுதான். இறங்கிவிட்டார்.

சப்பரம் கிளம்பியது. பெட்ரோமாக்ஸ், கொட்டு, மாலைகள். தண்டில் தோள் வைக்கிற உரிமை பெரிய தெருக்காரர்களுக்கு மட்டும். பெரிய தெருவைச் சுற்றி முச்சந்திக்கு வந்தது. வலது பக்கம் திரும்பினால் கோயில். இடது பக்கம் கீழத்தெரு — வாசலுக்கு வாசல் மெழுகுவத்தி கொளுத்திவைத்து, ஜனங்கள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள்.

சாமியார் இடது பக்கம் கையைக் காட்டினார். தூக்கியவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் கூடாது என்று தலையசைத்தார். சப்பரத்தை முச்சந்தியிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

"கூரை இடிக்காது. சேறு இல்ல. இப்ப என்ன?" என்றார் சாமியார்.

"எங்க ஆளுங்க அந்தப் பக்கம் தோள் குடுக்க மாட்டாங்க சாமி" என்றார் மச்சான். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் உண்மையைச் சொன்னார். அதுவே ஒரு முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமியார் மேலே போட்டிருந்த ஜரிகை அங்கியைக் கழற்றிக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். போய் முன்தண்டில் தோளை வைத்தார். ஒல்லித் தோள். சப்பரம் அசையுமா? அசையவில்லை. அவர் தோளையும் எடுக்கவில்லை. பாரத்துக்குக் கீழே குனிந்தபடி அப்படியே நின்றார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுதுகிற தொழிலுக்குத் தோள் வலு தேவையில்லைதான்... ஆனாலும் போனேன். என் மனைவி பின்னால் வேட்டியைப் பிடித்து இழுத்தாள் என்பதையும் பதிவு செய்கிறேன். ஊர் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துத் தள்ள அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பெரிய தெருவிலிருந்து இன்னும் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் யாரும் வரவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வந்து தோளைக் குடுங்க" என்று சவரியம்மாவின் குரல் கேட்டது. தன் தெரு ஆண்களைப் பார்த்துச் சொன்னாள்.

அவர்கள் நெருங்கினார்கள். மச்சான் பின்தண்டுக்கு முன்னால் வந்து நின்றார். "தண்டுல கை வைக்கக் கூடாது" என்றார்.

யாரும் நகரவில்லை. அன்றாடம் அவர் களத்தில் கூலி வாங்குகிறவர்கள்தான் பாதிப்பேர். நாளைக்கு அடுப்பு எரியுமா என்பதும் அந்தத் தண்டில் இருந்தது.

"நாட்டாமை" என்றார் சாமியார், குனிந்தபடியே. "ராஜா தெருவுல நிக்கிறார். ஒண்ணு நீங்க தூக்குங்க. இல்ல, வழி விடுங்க. பாரம் தாங்கல."

மச்சான் எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. பிறகு ஒதுங்கினார். தூக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். கோபத்தோடு இருந்தாலும் அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

சப்பரம் எழுந்தது. இடது பக்கம் திரும்பியது. காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல் நறநறத்தது. வளைவு எந்தக் கூரையிலும் இடிக்கவில்லை, ஒரு விரல் இடைவெளியில் போயிற்று. என் பின்னால் தோள் கொடுத்தவர் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தார். நானும் அழுதேன். வெட்கமில்லை.

சவரியம்மா மட்டும் அழவில்லை. சுரூபத்தையும் அவள் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துக் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பக்கம்... இந்தப் பக்கம் வாங்க" என்று சப்பரத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கீழத்தெரு வழியாகத்தான் போனேன். ராத்திரி மறுபடியும் பெய்த மழையில் சுவர்கள் நனைந்து ஊறியிருந்தன. சவரியம்மா களத்துக்கு வேலைக்குப் போகவில்லை — வரவேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். வாசலில் உட்கார்ந்து சுவரில் கரைந்த இடத்துக்கு மண் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். அந்தக் கறுத்த கைகளில் இப்போது சேறு.

"கீற்று வாங்கித் தரச் சொல்லட்டுமா? எப்பக் கூரையை நீட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நீட்டப் போறதில்லைங்க" என்றாள். "அடுத்த வருசமும் வரணும்ல."