ஆனிக் காற்றும் ஆறு முளைகளும்

எங்கள் ஊர் நாங்குநேரிக்கு மேற்கே. ஆனி பிறந்துவிட்டால் மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கும். காலையில் சோம்பலாகத் தொடங்கி, உச்சிப் பொழுதில் பனைகளை வளைத்து, வெயில் தாழ்ந்தபின் ஓயும். ஓலைக் கூரை போட்ட வீடுகளுக்கு அதற்கென்று சில வேலைகள் உண்டு. காற்று ஏறுமுன் சமையலை முடித்து அடுப்பை நீர் தெளித்து அணைக்க வேண்டும். மேற்குக் கதவைத் தாழிட்டு, உட்புறம் உரலை உருட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். கிழக்குக் கதவைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும். இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, கூரைமேல் பனைநார்க் கயிற்றைப் போட்டு, அதைத் தரையில் அறைந்த உடைமர முளைகளில் இழுத்துக் கட்டுவது. தூணில் கட்டினால் தூணும் சேர்ந்து போகும். முளைகளைக் கறையான் தின்றுவிடுவதால் ஆண்டுதோறும் புதிதாக அடிக்க வேண்டும்.

அந்த ஆண்டு அடிக்கவில்லை. என் மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு, ஒன்பதாம் மாதம். முந்தின பிள்ளை ஏழாம் மாதத்திலேயே தவறியிருந்தது. சூலி இருக்கும் வீட்டில் முளை அடித்தால் வயிற்றுப் பிள்ளையைக் கட்டிப்போட்டதாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன குடும்பம் நாங்கள். திருநீற்றை விட்டோம், அம்மன் கோயில் கொடையை விட்டோம். இதை விடவில்லை.

நான் பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை பயின்று, மைனியின் பேறுகாலத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். செய்ய வேண்டியதை எழுதிவைப்பது அங்கே பழகியது. வீட்டைச் சுற்றிவந்து ஒரு தாளில் எழுதினேன்: முகட்டில் இரண்டு இடத்தில் கட்டு அவிழ்ந்திருக்கிறது, மேற்கு இறவாரத்தில் ஓலை தொங்குகிறது, கயிறு தூணில் கட்டியிருக்கிறது, முளை இல்லை. அதை அண்ணனிடம் நீட்டினேன்.

"ஆஸ்பத்திரியில கூரை வேயவும் படிச்சுக் குடுத்தாவளா?" என்று சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏட்டி, ஒரு புள்ளைய மண்ணுல வச்சாச்சு. இன்னொண்ணுக்கும் குழி தோண்டச் சொல்லுதியா?"

"கூரை மைனி தலையில விழுந்தா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவார்."

"அப்பம் முளை அடிச்சா வாறதையும் அவரே பாத்துக்கிட மாட்டாராம்மா?"

"ஏலே, உன் தங்கச்சி பேசுதத கேட்டியா? இதுக்குத்தான் பொட்டப்புள்ளைய வெளியூருக்குப் படிக்க அனுப்பாதன்னு சொன்னேன்."

மைனியை வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை. அவள் பிறந்த வீடு ஏரலில். வீங்கிய கால்களோடு அவ்வளவு தூரம் வண்டியில் ஏற்றக்கூடாது என்று தடுத்தவளே நான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அண்ணனும் ஆராதனைக்குப் போன நேரம், மேற்கே கள்ளிவேலிப் பக்கம் ஆறு முளைகள் அடித்தேன். இறவாரத்திலிருந்து கயிற்றை இழுத்துக் கட்டி, முளைகளின் தலைமேல் ஓலைக் குப்பையைத் தள்ளினேன். காற்றுக் காலத்தில் மேற்குக் கதவு தாழிட்டே இருக்கும்; அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

உள்ளே படுத்திருந்த மைனி, "என்ன சத்தம்?" என்றாள்.

"வெறகு பொளக்கேன், மைனி. நீங்க பைய ஒருக்களிச்சுப் படுங்க."

மூன்றாம் நாள் பெருங்காற்று வந்தது. கறையான் தின்ற பழைய முளைகளையே நம்பியிருந்த எதிர்வீட்டுக் கூரை முழுதாகக் கிளம்பித் தெருவில் கவிழ்ந்தது. பக்கத்து வீட்டில் கூரைச் சட்டம் சரிந்து கட்டியிருந்த ஆட்டைக் கொன்றது. எங்கள் கூரை விம்மியது, முனகியது, போகவில்லை. மைனியின் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, "ஜெபத்துக்கு என்ன பலன் பாத்தியா?" என்றாள். காற்று தாழ்ந்ததும் நான் வெளியே போய், முளைகளின்மேல் ஓலைக் குப்பையை மறுபடி தள்ளிவைத்தேன்.

அடுத்த வாரம் மைனிக்கு வலி எடுத்தது. பகல் முழுவதும் வலித்து, ஆண் பிள்ளை பிறந்தது. கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கற்ற வரிசைப்படி செய்தேன். கொடியை எடுத்தேன், வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன், வாயோடு வாய்வைத்து ஊதினேன். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பிள்ளை அழவில்லை.

அப்படிப் பிறந்ததை வீட்டு வேலியோரம் புதைப்பது வழக்கம். இடம் பார்க்க மேற்கே போன அண்ணன், பிடுங்கிய முளை ஒன்றோடு திரும்பி வந்தான். அதை என் காலடியில் போட்டான்.

அம்மா போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. பிள்ளை வயிற்றுக்குள் புரளும்போது கொடி சுற்றிக்கொள்வது உண்டு என்றேன். முளையையே பார்த்திராத மாடிவீட்டுப் பெண்களுக்கும் இப்படி நேர்ந்ததை ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறேன் என்றேன். இறந்த ஆட்டையும் எதிர்வீட்டுக் கூரையையும் காட்டினேன். சொன்னது எல்லாம் சரி. கேட்க ஆளில்லை. மைனி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, "வெறகு பொளக்கேன்னு சொன்னியே," என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கலாம். தலைக்கு மேல் இருந்த கூரை அவளுடையது, வயிறும் அவளுடையது. என் தாளில் அந்த ஒன்றை நான் எழுதவில்லை.

மறு ஆண்டு மைனி மாதம் தள்ளியதுமே ஏரலுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்த எனக்குச் சொல்லவில்லை. அந்த ஊர் மருத்துவச்சி பேறு பார்த்தாள். பெண் பிள்ளை, சுகம் என்று அங்கிருந்து அண்ணன் அம்மாவுக்கு எழுதியதை அடுத்தவர் சொல்லித்தான் அறிந்தேன். "அவ கிட்ட இல்ல, அதான் நல்லபடியா ஆச்சு," என்று அம்மா சொன்னதும் கூடவே வந்து சேர்ந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வழியாக வண்டியில் ஏரலுக்குப் போனேன். பிள்ளை தொட்டிலில் இருந்தது. நிறம் நன்றாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, தொப்புள் ஆறியிருந்தது. கை நீட்டினேன். மைனி பிள்ளையை வாரி எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெயில்ல வந்திருக்க," என்றாள். "மோரு குடிச்சிட்டுப் போ."