மேல்தட்டு

இடஒதுக்கீடு வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் தில்லித் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. வாங்கி ஒரு கோடைகூட முழுதாகக் கடந்திருக்கவில்லை. கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அடிவயிற்றிலிருந்து உறுமல் வரும், குளிர் மட்டும் வராது. மேடைப் பேச்சு மாதிரி ஒரு பெட்டி.

ஐஸ் தண்ணீருக்காக வாங்கியதில்லை அது. என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஊசி. இன்சுலின் கெடாமலிருக்கத்தான் ஃபிரிட்ஜ். அந்த மருந்து அப்போது எங்கள் கள்ளக்குறிச்சியில் கிடைக்காது, சேலம் போக வேண்டும். சேலம் பஸ்ஸோ ஒருநாள் ஓடும், மறுநாள் மறியல் என்று சின்னசேலத்தோடு நின்றுவிடும். இருந்த மருந்தை ஈரமணலில் புதைத்து, மேலே நனைத்த துணி போட்டு வைத்தோம். ஊசியில் ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நான் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. "நீங்க மூட்டைல கட்டி அனுப்பறீங்க. எனக்கு ஒடம்புலயே எறக்கிட்டாங்க" என்பாள்.

ஃபிரிட்ஜ் விற்ற கடையில் டிவிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே செய்தி. ஒரே பஸ் ஏழெட்டுத் திரைகளில் எரியும். வாசலில் ஜனம் நின்று பார்க்கும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நான் என் புகாரைச் சொல்வேன்.

"இன்னா சார், நாடே பத்திகினு எரியுது. நீங்க ஃபிரிட்ஜு ஜில்லுனு இல்லன்னு வர்றீங்க" என்பார் கடைக்காரர்.

"மெக்கானிக் எங்கங்க?"

"மேல போயிருக்காரு சார்."

மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். நான் அலுவலகத்து ஆள். எனக்கு மேல என்றால் மேலிடம். மேல எழுதியிருக்கிறோம், மேல கேட்டிருக்கிறோம் என்று கரும்புக்காரர்களிடம் நானே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆகவே மெக்கானிக் கம்பெனித் தலைமையகத்தில் எங்கள் ஃபிரிட்ஜுக்காக வாதாடிக்கொண்டிருப்பதாக நம்பினேன். நாடும் அப்படித்தான் காத்திருந்தது. டீக்கடையில் எங்கள் ஊரே இடஒதுக்கீட்டின் பக்கம், நானும்தான். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான், வேறு பக்கம் எனக்கு ஏது? ஆனாலும் எங்களைப் பற்றிய பேச்சு எங்களுக்குக் கேட்காத உயரத்தில் நடந்தது. அங்கிருந்து மழையும் வரலாம், இடியும் வரலாம். அண்ணாந்து பார்ப்பது மட்டுமே எங்கள் வேலை என்று இருந்தது.

மெக்கானிக் மேல போயிருப்பதை மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"இன்னாங்க நீங்க! மேலன்னா மலைக்குப் போயிருக்காருன்னு அர்த்தம். வெள்ளிமலையில மோட்டாரு கீட்டாரு ரிப்பேரா இருக்கும்."

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கெல்லாம் மேல என்றால் கல்வராயன் மலைதான். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அலுவலகம் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டது.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. வாங்கின பெட்டி தராததை மலை சும்மா தந்தது. வெள்ளிமலையில் டீக்கடை அம்மாளிடம் விசாரித்தேன்.

"கீழ போயிருக்காருங்க" என்றாள்.

திரும்பி இறங்கப் பஸ்ஸைத் தேடினேன். "அய்ய, அந்தக் கீழ இல்லீங்க. ஓடைகிட்ட" என்று கை காட்டினாள். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "கீழ எல்லாம் சீட்டுக்குச் சண்டையாமே? இங்க வர்ற பஸ்ஸு காலியாத்தான வருது. ஏத்திகினு வாங்களேன்" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குத் தில்லி எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு நாங்கள் போலிருக்கிறது.

ஓடைப் பக்கம் பம்புசெட்டைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கம்ப்ரசரு போயிருக்கும் சார். புதுசு மெட்ராஸ்லர்ந்து வரணும். லாரி ஓடட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்காக ஒரு மலை ஏறியிருந்தேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மணலில் மருந்து இல்லை, வீட்டில் மனைவியும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டுக் கடைக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால், விற்பனைக்கு வைத்து ஓட்டிக்காட்டும் புது ஃபிரிட்ஜைத் திறந்து மேல்தட்டில் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்களுது சரியாவற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். காலையில ஏழு மணிக்குக் கடையத் தொறந்துடுங்க. ஊசி போட்டுட்டுத்தான் நான் சாப்பிடணும்."

"ஏழு மணிக்கா? இன்னாமா இது, இது கடையா ஆஸ்பத்திரியா?"

"நீங்க கொடுத்தது ஃபிரிட்ஜா பீரோவா?"

டிவி பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் தில்லியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியது. கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே ஷட்டர் திறந்தது. முதலில் முனகலோடு, பிறகு, "தங்கச்சி, நேத்து கரண்ட்டு போச்சு, ஆனா கதவத் தொறக்கவே வுடல" என்ற தகவலோடு. தில்லியில் ஆட்சி ஆடிக்கொண்டிருந்தது. அவள் திரைகளைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நேரே போவாள், மருந்தை எடுப்பாள், ஊசியில் ஏற்றிக்கொள்வாள், திரும்ப வைப்பாள்.

ஒருநாள் மாலை உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்யாணச் சீர் வாங்க ஒரு குடும்பம் வந்தது. ஓடுகிற ஃபிரிட்ஜ் அது ஒன்றுதான். ஓட்டிப் பார்த்ததையே கொண்டுபோகிறோம் என்று பெண்ணின் தகப்பனார் நின்றார். பிரிக்காத கம்பெனிப் பெட்டிகளின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. நல்ல வியாபாரம். மாலை ஊசிக்கு எடுத்த மருந்தோடு நானும் மனைவியும் ஓரமாக நின்றோம்.

கடைக்காரர் எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"அது வேணாங்க. அது ரிசர்வேசன்ல போயிடுச்சு."

"எத்தினி சதவீதம்?" என்றது டிவிக் கூட்டத்தில் ஒரு குரல்.

"மேல்தட்டு முழுசும்."

கடையே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. பாட்டிலை உள்ளே வைத்து, குளிர் வெளியே போய்விடாமல் கதவை அழுத்திச் சாத்தினாள்.