எங்கள் வீட்டுப் பவுடர் டப்பா

என் மாமியார் கிணற்றுக் கயிற்றைக்கூட ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் தொடுவார். காய்கறிக்காரி வாசலில் வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க்கும் குளியல் உண்டு. யாரும் தொடக் கூடாத மடிப்புடவை உலரும் கொம்பில் தன் தாவணி நுனி பட்டதென்று நாத்தனார் ஒரு நாள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில், கூடத்துக் கண்ணாடியின் கீழே இருந்த மரப்பலகையில், ஒரே ஒரு பவுடர் டப்பாவும் ஒரே ஒரு பஃபும் ஒரே ஒரு மை டப்பாவும் இருந்தன. அவை வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொது. தெருவில் பாதிப் பேருக்கும் பொது.

நான் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய இந்த வீட்டுக்கு வந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பஃபைக் கையில் எடுத்தால் அப்படியே திரும்ப வைத்துவிடத் தோன்றும். ஒரு காலத்தில் அது ரோஸ் நிறமாக இருந்ததாம். நான் வரும்போது அது துடைத்துப் போட்ட கரித்துணி மாதிரி இருந்தது.

அதை யார் யார் தொட்டார்கள் என்கிறீர்கள்? நாத்தனார் காலையும் மாலையும். என் கணவர் சவரம் செய்துகொண்ட கையோடு தாடையில். மாமனார் வேர்க்குருவுக்காக முதுகிலும் கக்கத்திலும். அதே பஃபை நான் முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நாத்தனாரின் சிநேகிதியான பக்கத்து வீட்டுப் பெண் கோவிலுக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்து, "மாமி, கொஞ்சம் பவுடர்" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டு போவாள். மாமியாருக்கு அதில் ஒரு பெருமை. "வந்தவாளை இல்லைன்னு அனுப்பற வழக்கம் இந்த ஆத்துல இல்லை" என்பார்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. ஏதோ பத்திரிகையில் ஒரு நடிகை பிரஷ்ஷால் முகத்துக்குப் பவுடர் போடுவதாகப் படம் வந்திருந்தது. நாத்தனார் அதைப் பார்த்த மறுநாளே, தன் அண்ணா தூக்கிப் போட்டிருந்த பழைய சவர பிரஷ்ஷைத் தேடி எடுத்து வந்தாள். ரோமம் பாதி கொட்டிப் போய், அடியில் சோப்பு காய்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பவுடரில் தோய்த்துக் கன்னத்தில் வீசிக்கொண்டாள்.

"அது உங்க அண்ணா மூஞ்சியைத் தேய்ச்ச பிரஷ்ஷுடி" என்றேன்.

"அண்ணாதானே மன்னி, அன்னியரா?"



எனக்குக் கண்கட்டி வர ஆரம்பித்தது. ஒன்று ஆறும், அடுத்தது கிளம்பும். ஒரு கண் பாதி மூடியபடி கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை மலைக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு மை வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"வைக்கறேன்."

"அந்த டப்பாவை வேற யாருங்க எடுக்கறாங்க?"

"வீட்டுல எல்லாரும்."

"விரலாலயா?"

"விரலாலதான்."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டுல ஒருத்தர் குடிச்ச தம்ளர்ல இன்னொருத்தர் குடிப்பீங்களா?"

"எங்க வீட்டுல தம்ளரை உதட்டுலயே வைக்க மாட்டாங்க."

"அப்ப கண்ணு மட்டும் என்னங்க பாவம் பண்ணிச்சு?"

அவர் சொன்னது ரொம்பச் சுலபமான சங்கதி. ஆளுக்கொரு மை டப்பா, ஆளுக்கொரு பஃப். மையை விரலால் எடுக்கக் கூடாது. ஈர்க்குச்சியைச் சுத்தமாகச் சீவி, ஒரு தடவை எடுத்ததும் அதை எறிந்துவிட வேண்டும். பஃபையும் பிரஷ்ஷையும் வாரத்துக்கொரு முறை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். கண்வலி வந்தவர் தொட்ட மையைக் குப்பையில் போட வேண்டும். நான் வீட்டுக்கு வரும் வழியிலேயே புதுப் பஃபும் சின்ன மை டப்பா ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

"தனி மை, தனி பவுடர்" என்றார் மாமியார், காபி ஆற்றிக்கொண்டே. "அடுத்தது தனி அடுப்பா?"

"அம்மா, டாக்டர் சொல்லியிருக்கார். கண்ணுல..."

"நாங்கல்லாம் கண்ணு அவிஞ்சா போயிட்டோம்? எங்க அம்மா காலத்துலேர்ந்து ஒரே மைதான்."

கணவரைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தனக்குச் சங்கடமான எதற்கும் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

சரி, பொதுப் பஃபையாவது சுத்தம் செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்பில் ஊறப்போட்டேன். தண்ணீர் சாம்பார் நிறத்தில் வந்தது. மூன்று தண்ணீர் மாற்றிக் கசக்கி, சவர பிரஷ்ஷையும் அலசி, மாடியில் வெயிலில் வைத்தேன். பஃப் உலர்வதற்குள் மாமனார் தேடிப் பிடித்து எடுத்து வந்து, ஈரத்தோடேயே பவுடரில் அமுக்கி முதுகில் போட்டுக்கொண்டார். முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாக மாவு. "யாரு இதை நனைச்சா?" என்று கூடமே அதிரக் கேட்டார். அன்று முழுவதும் வீட்டில் நான்தான் குற்றவாளி.

அந்தச் சித்திரையில் தெருவே கண்வலியில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சிவந்த கண்ணோடு வந்து, எங்கள் கண்ணாடியில் பார்த்து எங்கள் மையை இட்டுக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது நாத்தனாரே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். மறுநாளைக்கு மறுநாள் அவளுக்கும் கண் திறக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது அடுத்த வாரம்தான்.

மாமியார் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினார். வெயில் சூடு என்றார். திருஷ்டி என்றார். டவுனுக்குப் போய் வருகிற ஒருத்தி வீட்டுக்குள் கொண்டு வந்தது என்றும் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கண்வலியே வரவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அந்த மையையும் பஃபையும் தூக்கிப் போட்டுடலாம்மா" என்று கெஞ்சினேன்.

"பாதி டப்பா கூட ஆகல்லை. லக்ஷ்மிகரமா இருக்கறதைத் தூக்கிப் போடறதாம்!"

எப்படியோ அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நாத்தனாரின் கண் தெளிந்தது. பெண் பார்க்கிற அன்று அவளை என் அறைக்கு அழைத்துப்போய், என் டப்பாவிலிருந்து ஈர்க்குச்சியால் மை எடுத்து இட்டேன். மிச்சத்தை அவளிடமே கொடுத்து, "இனிமே இது உன்னோடது. யாருக்கும் குடுக்காதே" என்றேன். அவள் அழகாகத்தான் இருந்தாள்.

பிள்ளை வீட்டார் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் அம்மா பருத்த சரீரம். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மாமியாருக்கு அக்கா போல அத்தனை ஆசாரம். ரயிலில் வந்த புடவையோடு கூடத்துப் பாயில் உட்காரமாட்டேன் என்று நேரே கிணற்றடிக்குப் போய்க் கைகால் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தார். முகத்தைத் துடைத்தபடி கண்ணாடி முன்னால் நின்றார். "பவுடர் இருக்கா? இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஃபை எடுத்தார்.

நான் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பஃபில் நாத்தனாரின் கண்ணீரும் பீளையும் பட்டிருந்தது எனக்குத் தெரியும். இந்த அம்மாள் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு ஊருக்குப் போய், இரண்டு நாளில் கண் வீங்கி உட்கார்ந்தால், பெண் வீட்டில் ஒட்டிக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்ல மாட்டார்களா? தடுக்கவும் வழியில்லை. கண்வலி என்று வாயைத் திறந்தால் பெண்ணுக்கு நோய் என்றாகிவிடும். அதற்குள் அவர் கை முகத்தருகே போய்விட்டது.

"மாமி! அது எச்சல்!" என்று கத்திவிட்டேன்.

பிள்ளையின் அம்மா நெருப்பைத் தொட்டது போலப் பஃபைக் கீழே போட்டார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"எச்சலா? பவுடர்ல ஏதுடி எச்சல்?" என்றார் பிள்ளையின் அம்மா.

"எல்லார் மூஞ்சியிலயும் பட்டது மாமி. வேர்வை, வாய், மூக்கு... ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போட்டுக்கப் படாது. உங்களுக்குப் புதுசு தரேன்." பள்ளிக்கூடத்துக் கைப்பையில் வைத்திருந்த பிரிக்காத பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துவந்து, ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன்.

அவர் அந்தப் பஞ்சை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பி, "பவுடருக்குக்கூட எச்சல் பாக்கறேளா! இப்படி ஓர் ஆத்துலேர்ந்து பெண் எடுக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

என் மாமியார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "எங்காத்துல அது ஆதியிலேர்ந்தே பழக்கம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேசரித் தட்டை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். கல்யாணம் நிச்சயமாயிற்று. பஃபும் பிரஷ்ஷும் மையும் அன்று சாயங்காலமே குப்பைத்தொட்டிக்குப் போயின. மாமியாரே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

இனி நிம்மதி என்று நினைத்தேன். எச்சில் என்ற வார்த்தை அந்த வீட்டில் என்னென்ன செய்யும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாளிலிருந்து பவுடர் டப்பா மடிச் சாமானாகிவிட்டது. ஆளுக்கொரு பஃப் வந்தது, அது நியாயம். ஆனால் அவற்றைக் குளிக்காமல் தொடக் கூடாது. டப்பாவின் மூடியைத் திறக்குமுன் தீர்த்தம் தெளிக்க வேண்டும். தெளித்த தண்ணீரில் பவுடர் கொழுக்கட்டை மாவாயிற்று. தினம் பஃபை நனைத்து, மடிக்கொம்பில் தன் புடவைக்குப் பக்கத்தில் உலர்த்தினார் மாமியார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அது அங்கே தொங்கும். நான் தொடக் கூடாது. ஐப்பசி மழையில் எல்லாம் உலராமல் பச்சைப் பூஞ்சை பிடித்தது.

"வெயில் இல்லாதப்போ நனைக்காதீங்கோம்மா. ஈரம் இருந்தாத்தான் கெடுதல். வாரத்துக்கு ஒரு தரம் போறும்னு டாக்டர் சொன்னார்" என்றேன்.

"எச்சல்னு சொன்னது யாரு? டாக்டரா, நீயா?"

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

நாத்தனார் தலைப்பிரசவத்துக்குக் கும்பகோணத்திலிருந்து வந்தபோது, ரயிலில் வந்த உடம்போடு கண்ணாடிப் பக்கமே போகக் கூடாதென்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார் மாமியார். நிறைமாதக்காரி, வெயிலில் களைத்துப் போய் வந்து, குளித்து ஈரத்தலையோடு என் அறையில் உட்கார்ந்தாள்.

"அங்கேயும் இதே கூத்துதான் மன்னி. என் மாமியார் மை டப்பாவைப் பாலால அலம்பறார். ஸ்ரீரங்கத்து சம்பந்தியாத்துப் பழக்கமாம்."

"கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. கண்ணுல இட்டுக்கத்தான் மை இல்லை."

எனக்கும் அதன் பிறகு கண்கட்டி வரவேயில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கென்று மறுபடி வாங்கிக் கைப்பையில் வைத்திருந்த சின்ன மை டப்பாவை அவளிடம் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு இட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெறும் முகத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.