பியானோக்காரர் வேண்டாம், பியானோ வேண்டும்

போன திங்கட்கிழமை அரூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பள்ளி பேண்டுக்கு யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் என்னை நிறுத்தினார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, கேட்காமல் அடக்கி வைத்திருந்த முகம்.

“தப்பா நெனைக்காதீங்க சார். உங்க ட்ரம்பெட்டு ரிப்பேருங்களா? கொஞ்சம் ஊதறீங்க, நின்னுபோவுது. அப்பறம் தும்மற மாதிரி ஒரு சத்தம். மறுபடி நின்னுபோவுது…”

ரிப்பேர் இல்லை ஐயா. நான் வாசிக்கும் உருப்படியே அப்படித்தான்.

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவர் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர். நீங்களும்தான். அதனால் நாலு மாதமாக என் உயிரை வாங்கிய விஷயத்தை இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

நான் ராணுவ பேண்டில் பதினைந்து வருஷம் ட்ரம்பெட் ஊதியவன். ஊர் திரும்பி, பள்ளியில் எட்டு வருஷமாக பேண்டு மாஸ்டர். எட்டு வருஷமும் தற்காலிகம். ஜூனில் ஆர்டர் வரும், ஏப்ரலில் போய்விடும். இந்த வருஷம் தாளாளர் கூப்பிட்டு, சர்டிபிகேட் இருந்தால் நிரந்தரம் என்றார். இல்லாவிட்டால் பேண்டு மாஸ்டர் என்ற இடமே கிடையாதாம். டிரில் மாஸ்டர் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாராம். டிரில் மாஸ்டருக்கு விசில் ஊதத் தெரியும். அது போதும் போலிருக்கிறது!

சர்டிபிகேட் என்றால், லண்டனிலிருந்து ஆள் வந்து பெங்களூரில் நடத்தும் பரீட்சை. மூன்று உருப்படி வாசிக்க வேண்டும். இரண்டு பழைய பாணி, எனக்குப் பிரச்னையில்லை. மூன்றாவது, ‘இக்காலத்து இசை’ என்ற பட்டியலிலிருந்து ஒன்று. அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கூடவே பியானோ வாசிக்க ஓர் ஆள் வேண்டும் — ஒன்றே ஒன்றைத் தவிர. அது ட்ரம்பெட் மட்டும் தனியாக வாசிப்பது. தர்மபுரி ஜில்லாவில் பியானோக்காரருக்கு எங்கே போவது? தனியாக வாசிப்பதற்கே டிக் அடித்தேன். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

பம்பாய்க் கடையிலிருந்து தபாலில் அந்த உருப்படியின் இசை நோட்டு வந்தது. பிரித்தேன். தாளம் பிரிக்கும் கோடே இல்லை. ஸ்வரங்கள் கடுகு டப்பா கவிழ்ந்த மாதிரி மேலும் கீழும் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் ‘வால்வைப் பாதி மட்டும் அழுத்து’ என்று குறிப்பு. பாதி அழுத்தினால் ட்ரம்பெட் முனகும். முனகக் கூடாது என்பதற்காகத்தான் பதினைந்து வருஷம் சம்பளம் வாங்கினேன்! இன்னோரிடத்தில் ‘காற்றை மட்டும் ஊது, ஸ்வரம் வரக்கூடாது.’ நடுநடுவே வெற்றிடம். அதன் தலையில் ஐந்து விநாடி, எட்டு விநாடி என்று எண்கள். கடைசிப் பக்கத்தில் பதினோரு விநாடி.

இதோடு விட்டார்களா? முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. வாசிப்பவர் திறந்த பியானோவுக்குள் ட்ரம்பெட்டின் அகன்ற வாயை நீட்டி ஊத வேண்டும். ஒருவர் பியானோவின் வலது பெடலைக் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி அழுத்தினால் உள்ளே தந்திகளை அமுக்கிக்கொண்டிருக்கும் கட்டைகள் விலகிவிடும். ட்ரம்பெட் சத்தம் பட்டதும் தந்திகள் தாமாக அதிரும்.

அதாவது, பியானோக்காரர் வேண்டாம். பியானோ வேண்டும்.

என் மனைவி ஜமீலா இங்கே தாலுக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறிப்பைப் படித்துக் காட்டினேன். “வாசிக்காம வெக்கறதுக்கு ஒரு பியானாவாங்க?” என்று கேட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

இருந்தாலும் உதவாமல் இல்லை. கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சா ஒன்றை அவள் தம்பி வீட்டிலிருந்து வரவழைத்தாள். அதற்குள் ஊதினேன். எதை ஊதினாலும் தேக்சா ஒரே ஸ்வரத்தைத் திருப்பிச் சொன்னது. தர்மபுரி சர்ச்சில் பெடல் வைத்த ஆர்கன் இருக்கிறதென்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெடல் காற்றடிக்கிற பெடலாம். திரும்பி வந்தேன்.

சரி, பியானோவை விடுங்கள். உருப்படியையாவது புரிந்துகொள்ள முடிந்ததா? விரல் போயிற்று, உதடு போயிற்று. இரண்டு மாதத்தில் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டேன். ஆனால் அது என்ன சொல்கிறது? சந்தோஷமா, துக்கமா, சண்டையா? ஒன்றும் தெரியவில்லை. அர்த்தம் தெரியாத பாஷையில் மனுப் போடுகிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தேன். வெற்றிடங்களை ஜமீலா, நாடி பார்க்கும் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுவாள்.

“பதினொண்ணு ஆவலைங்க. ஆறுதான் ஆச்சு.”

“எனக்குப் பதினொண்ணு ஆன மாதிரிதான் இருந்தது.”

“உங்களுக்கு எப்பவுமே அப்படித்தான் இருக்குது.”

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, மகளுக்குப் பரீட்சை என்றார். எனக்கும்தான் பரீட்சை. வாயை மூடிக்கொண்டு, கம்பைநல்லூர் ரோட்டில் ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்புக்கு இடம் மாற்றினேன். தோப்பை ஒட்டி ஒரு பெரிய கிணறு. மழை பொய்த்த வருஷம். அடியில் முழங்கால் தண்ணீர்தான். ஒருநாள் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியதில், ட்ரம்பெட்டின் வாய் கிணற்றுப் பக்கம் போயிற்று. ஊதி நிறுத்தினேன். கிணறு நிறுத்தவில்லை.

பியானோ கிடைத்துவிட்டதே!

மறுநாளே கிணற்றுக்குச் சொந்தக்காரி மாதம்மாள் வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் அவளிடம் போய், ஒரு வாத்தியார் தினமும் உன் கிணற்றுக்குள் ஊதுகிறார், ஊதி ஊதி இருக்கிற ஊற்றும் ஓடிப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நகையை வைத்துக் கிணற்றை ஆழப்படுத்த ஏற்பாடு செய்திருந்த நேரம். கோபம் வராமல் இருக்குமா? நான் பரீட்சையைச் சொன்னேன், எட்டு வருஷத் தற்காலிகத்தைச் சொன்னேன். பரீட்சை அவளுக்கு எட்டவில்லை. தற்காலிகம் எட்டியது. அவள் புருஷனும் மின்சார வேலையில் தற்காலிகமாக இருந்தே செத்துப்போனவன். தண்ணீர் இறைக்கும் மாட்டை அவிழ்த்த பிறகு, மத்தியானம் ஒரு மணி நேரம் ஊதிக்கொள்ளச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு.

அவள் நிழலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பாள். நான் ஊதுவேன். நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் நான் கடைசிப் பக்கத்தில் திணறி, சலித்துப்போய் ட்ரம்பெட்டைக் கீழே வைத்தபோது பேசினாள்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே சாரு? நீங்க ஊதறது ஒண்ணும் நல்லால்லீங்க. நிறுத்துனப்பறம் கெணத்துல ஒண்ணு வருது பாருங்க, அது நல்லாருக்குது. அதக் கேக்கறதுக்குள்ள நீங்க அடுத்ததை ஊதிடறீங்க.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு மாதம் உதடு வீங்க உழைத்தவனிடம் சொல்கிற பேச்சா? ஆனால் அன்று ஒரு தடவை, வீம்புக்கு, ஊதிவிட்டு நின்றேன். முழுசாக நின்றேன்.

உள்ளே இறங்கிய ஸ்வரம் கிணற்றின் ஒரு பக்கத்தில் பட்டு, இன்னொரு பக்கத்தில் மெலிந்து, தண்ணீருக்குப் போய் வேறெதுவாகவோ ஆகித் திரும்பி வந்தது. அடுத்து நான் ஊத வேண்டிய ஸ்வரம் அதிலேயே இருந்தது! அந்த வெற்றிடங்கள் மூச்சு வாங்குவதற்கல்ல. கேட்பதற்கு. கேட்டால்தான் அடுத்த வரி. இரண்டு மாதமாகக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்கு ஓடியிருக்கிறேன்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். என் ‘பியானோ’ போயிற்று. பாறை உடைந்து ஊற்று பொத்துக்கொண்டது, மாதம்மாளுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஊதியதால் ஊற்று போகும் என்றார்களே, ஊதியதால் வந்தது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே? ம்ஹூம்.

பெங்களூர். வராந்தா முழுக்க நன்றாக உடுத்திய குழந்தைகள், அம்மாக்கள். நடுவில் நானும் ஜமீலாவும். உள்ளே பரீட்சகர், வியர்த்துக் களைத்த வெள்ளைக்காரர். முதல் இரண்டு உருப்படி முடிந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். பெடலை அழுத்த ஆள் எங்கே என்றார். வெளியே மனைவி இருக்கிறாள் என்றேன். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார். பிறகு எப்படி? அவரே எழுந்து வந்து, பியானோவின் மேல்மூடியைத் திறந்துவிட்டு, நாற்காலியைப் போட்டு, பெடலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊதினேன். நிறுத்தினேன். தந்திகள் பேசின. கிணற்றைவிட மெல்லிய குரல், ஆனால் பதில் பதில்தான். கடைசிப் பக்கம். உச்ச ஸ்வரத்தை முழு மூச்சோடு ஊதி நிறுத்திவிட்டு, பதினோரு விநாடி காத்திருந்து, தந்தியில் மிச்சமிருக்கும் ஓசையோடு மெதுவாகப் போய்ச் சேர வேண்டும். காத்திருந்தேன். ஆறாவது விநாடியில் அவர் பென்சிலை எடுக்க எழுந்தார். கால் பெடலிலிருந்து விலகியது. ஓசை பட்டென்று அறுந்தது.

நான் போய்ச் சேர அங்கே ஒன்றுமே இல்லை.

வேலை, ஆர்டர், ஜமீலா எல்லாம் ஞாபகம் வந்தது. பேசாமல் ஊதி முடித்திருக்க வேண்டும். ஆனால் என்னையறியாமல் அவர் காலைக் காட்டிச் சொல்லிவிட்டேன்: “ஃபுட், சார்.”

அவர் முகம் சிவந்தது. நான் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசிக்கிறேன், தயவுசெய்து முடியும்வரை காலை எடுக்காதீர்கள் என்றேன். ராணுவத்தில்கூட மேலதிகாரியிடம் அப்படிப் பேசியதில்லை. பென்சிலை எடுக்காமலே திரும்பி வந்தார். பிறகு உட்கார்ந்து, காலை வைத்தார்.

இந்த முறை பதினொன்றும் முழுசாக ஆயிற்று. இரண்டு பேரும் பியானோவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சுகூட விடவில்லை. ஓசை இழையாகும்போது நான் சேர்ந்துகொண்டேன். என் ஸ்வரம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. முடிந்த பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டியதும் நடந்ததை ஜமீலாவிடம் சொன்னேன். எட்டு வருஷம் பேசாமல் இருந்தவருக்கு இன்றைக்குத்தானா வாய் வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன்.

முந்தாநாள் கவர் வந்தது. பாஸ்! தாளாளர் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கவரிலேயே ஒரு மதிப்பெண் தாளும் இருந்தது. மூன்றாவது உருப்படிக்கு எதிரே ஒரு வரி: ‘வாசிப்பின் நடுவே தேர்வர் பேசினார், அதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டது.’

நான் பேசியதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார், சரி… அவர் காலை எடுத்ததற்கு யார் குறைப்பது?